‘ஸ்டாம் வீடு’ என்றால் என்ன? சாண்டா ஃபேயின் மண்நிறத் தெருக்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிகோ மாநிலம். அதன் தலைநகர் சாண்டா ஃபே, கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஊர் முழுக்க மண்நிறச் சுவர், தட்டையான கூரை, மழுங்கிய மூலைகள். படம் பார்ப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: “எல்லாம் பழங்கால மண் வீடு.” அதே ஊரில் வீடு தேடுகிறவர்கள் வேறொரு பெயரைக் கேட்பார்கள்: “ஸ்டாம் வீடு.” தரகர் அதைத் தரச் சான்றிதழ் போலச் சொல்வார். கேட்பவர் அதை ஒரு கட்டடக் கலைப் பாணியின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டும் சரியில்லை. ஆலன் ஸ்டாம் என்பவர் ஒரு கட்டுமானக்காரர். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய பத்தாண்டுகளில், மாதச் சம்பளக்காரர்கள் தவணை கட்டி வாங்கக்கூடிய வீடுகளை இந்த ஊரில் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டியவர். அவற்றில் பெரும்பாலானவை மண் வீடுகளே அல்ல. ஆனாலும் மண் வீட்டின் முகம் அவற்றில் இருக்கிறது. குறைந்த செலவில் அந்த முகம் எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

## வடிவம் வேறு, பொருள் வேறு

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ‘ப்யூப்ளோ’ என்பது வடிவத்தைச் சொல்கிறது; ‘அடோபி’ என்பது பொருளைச் சொல்கிறது.

அடோபி என்பது மண், மணல், வைக்கோல் கலந்து அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த, சூளையில் சுடாத கல். நம்மூரில் பச்சைக்கல் என்போமே, அதுதான். நியூ மெக்சிகோவில் வழக்கமான அளவு 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 4 அங்குல உயரம். ஒரு கல் 30 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 15 கிலோ.

ப்யூப்ளோ மக்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். இன்றும் நியூ மெக்சிகோவில் அவர்களுடைய 19 ஊர்கள் உள்ளன. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே ஈரமண்ணைக் கையால் அடுக்கடுக்காக ஏற்றி மாடி மாடியாக வீடு கட்டியவர்கள் அவர்கள். மண்ணை அச்சில் வார்க்கும் முறை ஸ்பானியர் வழி பரவியது. இந்த இரண்டு மரபும் கலந்து, தடித்த சுவர், சிறிய திறப்புகள், தட்டைக் கூரை என்ற வடிவம் நிலைபெற்றது. 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமான, இதே மாநிலத்தின் டாவோஸ் ப்யூப்ளோ ஊரில் இதன் மூல உருவத்தைப் பார்க்கலாம். இன்று சாண்டா ஃபே விற்கும் அழகின் வேர் அந்தப் பூர்வகுடி மக்களின் அறிவில் இருக்கிறது. விளம்பரங்களில் அது அநேகமாக விடுபட்டுப்போகிறது என்பதால் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1910களில் சாண்டா ஃபே நகரம் இந்த வடிவத்தைத் தன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டது. 1917இல் திறக்கப்பட்ட கலை அருங்காட்சியகம் அதன் முக்கியமான மாதிரி. பிறகு ஜான் கா மீம் போன்ற கட்டடக் கலைஞர்கள் பணக்காரர்களின் வீடுகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் இதே வடிவத்தைக் கொடுத்தார்கள். பழைய வடிவத்தைப் புதுப் பொருளில் எழுப்பும் இந்தப் போக்குக்குப் ‘ப்யூப்ளோ மறுமலர்ச்சிப் பாணி’ என்று பெயர். செங்கல், கான்கிரீட், மரச்சட்டம் என்று உள்ளே எது இருந்தாலும் பாணி கெடாது.

சுருக்கமாக: ஒரு வீடு ப்யூப்ளோ வடிவில் இருப்பதை வைத்து அது மண்ணால் ஆனது என்றோ, மிகப் பழையது என்றோ முடிவு கட்ட முடியாது.

## திடீரென்று வீடு தேவைப்பட்ட ஊர்

1940இல் சாண்டா ஃபேயின் மக்கள்தொகை சுமார் 20,000. 1950இல் அது 28,000ஐ நெருங்கிவிட்டது. போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள், மாநில அரசு ஊழியர்கள், புதுக் குடும்பங்கள் எல்லோருக்கும் வீடு வேண்டும். மீம் பாணியில் தனித்தனியாக வடிவமைத்துக் கட்டுவது அவர்கள் கைக்கு எட்டாது.

பணம் வந்த வழி கடன். 1934இல் அமெரிக்க அரசு ஃபெடரல் வீட்டுவசதி நிர்வாகத்தை அமைத்தது. இது நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு கொடுக்கிறது. கடன் வாங்கியவர் கட்டத் தவறினாலும் வங்கிக்கு நட்டம் வராது என்பதால், குறைந்த முன்பணத்தில் நீண்ட காலத் தவணைக்கு வங்கிகள் ஒப்புக்கொண்டன. 1944இல் வந்த சட்டத்தின்படி படைவீரர்களின் கடனுக்கு அரசே உத்தரவாதம் தந்தது.

ஆனால் காப்பீடு வேண்டுமென்றால் வீடு சில அளவுகோல்களுக்கு உட்பட வேண்டும். அறையின் அளவு, குழாய், மின் இணைப்பு, அடித்தளம் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். ஒரே மாதிரி வரைபடத்தில் நூறு வீடு கட்டுகிறவருக்கு இந்தச் சரிபார்ப்பு எளிது. நாடு முழுக்கப் பெருவாரிக் குடியிருப்புகள் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற ஊர்களில் அவை சரிவுக் கூரையும் பலகைச் சுவருமாக வந்தன. சாண்டா ஃபேயில் ப்யூப்ளோ முகத்தோடு வந்தன.

## பணம் எங்கே போனது, எங்கே மிச்சமானது

பருத்திப் புடவையில் கரையும் முந்தானையும் மட்டும் பட்டில் நெய்திருப்பார்களே, ஸ்டாம் வீட்டின் கணக்கு அதுதான். பார்வை படும் இடத்தில் கைவேலை. மற்ற இடத்தில் உறுதியான, சாதாரணமான, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வேலை.

வாசல் கதவைத் திறந்ததும் வருவது கூடம். இங்கேதான் செலவு. தலைக்கு மேலே விட்டங்கள் தெரியும். ‘வீகா’ என்பது பட்டை உரித்த முழு உருட்டுமரம். கூரையைத் தாங்குவதற்காக ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை போகும். பழைய மண் வீடுகளில் வீகாக்களுக்குக் குறுக்கே ‘லத்தியா’ எனப்படும் மெல்லிய கம்புகளைப் பரப்பி, அதன்மேல் மண் கொட்டுவார்கள். விலை குறைந்த வீட்டில் அந்தக் கம்புகளுக்குப் பதில் அறுத்த பலகை. வீகாவுக்குப் பதில் சதுரமாக அறுத்த உத்திரம் இருப்பதும் உண்டு. கூடத்தின் மூலையில் ஒரு வளைந்த கணப்பு, அதாவது குளிர்காய விறகு எரிக்கும் அடுப்பு. சுவரில் ‘நீச்சோ’, அதாவது நம் விளக்கு மாடம் போன்ற சிறு குழி. தரைக்குக் கெட்டியான ஓக் பலகை.

படுக்கையறைக்குப் போனால் வீகா காணாமல் போய்விடும். மேலே சமதளமான பூச்சுக் கூரை. அதற்குள் சாதாரண அறுவை மரம். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. படுக்கையறை படுக்கத்தான்.

அடுத்த மிச்சம் வரைபடத்தில். சில அடிப்படை வரைபடங்களை வைத்துக்கொண்டு, ஒன்றை இடவலமாகத் திருப்பி, அடுத்ததில் வண்டிக் கொட்டிலை முன்னே தள்ளி, மற்றொன்றில் முன் தாழ்வாரத்தை மாற்றி வைத்தால், தெருவில் ஒரே அச்சு என்று தோன்றாது. ஆனால் கூடத்தின் அகலம் ஒன்றே. அதனால் வீகாக்களை ஒரே நீளத்தில் வெட்டி வைக்கலாம். குளியலறையும் சமையலறையும் முதுகொட்டி இருக்கும்படி அமைத்தால் தண்ணீர்க் குழாய் ஒரே சுவரில் முடிந்துவிடும். அடித்தளம் போடும் குழு ஒரு மனையை முடித்து அடுத்ததற்கு நகரும், பின்னாலேயே கொத்தனார்கள், அவர்களுக்குப் பின்னால் தச்சர்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

வீடுகள் சிறியவை. இரண்டு அல்லது மூன்று படுக்கையறை, பெரும்பாலும் 1,000 முதல் 1,500 சதுர அடிக்குள். விலை குறைந்ததற்கு இதுவும் காரணம். இன்றைய கட்டுமானக்காரர்கள் ‘மலிவு வீடு’ என்று சொல்லிவிட்டுப் பரப்பளவைக் குறைக்காமல் பொருளின் தரத்தைக் குறைக்கிறார்கள். ஸ்டாம் செய்தது இதற்கு நேர் எதிர். ஓக் தரை அறுபது எழுபது ஆண்டு கழித்தும் ஒருமுறை இழைத்து மெருகேற்றினால் புதிதாகிவிடுகிறது.

## சுவரின் கணக்கு

ஏன் மண்ணைத் தவிர்த்தார்கள் என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

வெளிச்சுவரின் சுற்றளவு 130 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். கதவு, சன்னல் கழித்தால் சுமார் 970 சதுர அடிச் சுவர். 10 அங்குலத் தடிமனில் அடோபி வைத்தால் சாந்து இடைவெளி சேர்த்து ஒரு சதுர அடிக்கு 2.2 கல். ஆக 2,100க்கும் மேல். பழைய முறைப்படி 14 அங்குலத் தடிமன் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3,000 கல், 45 டன் எடை. ஒவ்வொரு கல்லும் வாரக்கணக்கில் காய வேண்டும். கோடை மழையிலும் பனிக்காலத்திலும் வார்க்க முடியாது. அடுக்கினாலும் ஒரே நாளில் உயரமாக ஏற்றக் கூடாது. ஈரச் சாந்து பாரத்தில் பிதுங்கும்.

இதே சுவருக்கு 8க்கு 8க்கு 16 அங்குல ஹாலோ பிளாக் என்றால் 1,100 போதும். காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

போருக்குப் பிந்தைய வீடுகளில் பரவலாகப் பயன்பட்டது நுரைக்கல் பிளாக். நுரைக்கல் என்பது எரிமலைக் குழம்பு வாயுவோடு பொங்கி உறைந்த, உள்ளே முழுக்கக் காற்றுக் கண்கள் உள்ள கல். சாண்டா ஃபேக்கு மேற்கே ஹேமஸ் மலைகளில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு வெடித்த எரிமலை கொட்டிவிட்டுப் போன செல்வம் அது. சிமென்டோடு கலந்து வார்த்தால், சாதாரண கான்கிரீட் பிளாக்கைவிட எடை குறைவு. கொத்தனாருக்குத் தூக்க எளிது. வெப்பத்தையும் மெதுவாகவே கடத்தும். இதற்கு முந்தைய வீடுகளில் இன்னொரு பொருள் உண்டு: மாநிலச் சிறைச்சாலையில் கைதிகள் செய்த, சுட்ட களிமண்ணால் ஆன உள்ளீடற்ற கல். ஊரில் அதைப் ‘பென் டைல்’ என்பார்கள்.

பிளாக் சுவருக்கு வெளியே ‘ஸ்டக்கோ’ வரும். இது சிமென்டும் மணலும் கலந்த மூன்றடுக்கு வெளிப்பூச்சு: பிடிப்புக்கு ஒன்று, சமப்படுத்த ஒன்று, நிறத்துக்கு ஒன்று. மூலைகளையும் கைப்பிடிச் சுவரின் விளிம்பையும் கூர்மையாக விடாமல் உருட்டிவிட்டால் மண் வீட்டின் மென்மை வந்துவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். “மண் சுவர் குளிரைத் தடுக்கும்” என்பது அரைகுறை உண்மை. வெப்பக் காப்பு என்பது வெப்பம் கடந்து போவதைத் தடுப்பது. வெப்பத் தேக்கம் என்பது வெப்பத்தை உள்வாங்கி வைத்துப் பிறகு மெல்ல விடுவது. அடோபி காப்பில் சுமார், தேக்கத்தில் கெட்டி. ஜூலையில் பகல் 30 டிகிரி, இரவு 13 டிகிரி என்று ஊசலாடும் சாண்டா ஃபேயில் தேக்கம் நன்றாக வேலை செய்யும்: பகலில் வாங்கிய சூடு உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும். ஜனவரியில் நாளெல்லாம் குளிர்ந்து கிடக்கும்போது தேக்கம் உதவாது, காப்புதான் வேண்டும். நுரைக்கல் பிளாக்கின் காற்றுக் கண்கள் கொஞ்சம் காப்பு தரும். எடை குறைவு என்பதால் தேக்கம் அடோபியைவிடக் குறைவு. இன்றைய தேவைக்கு இரண்டுமே போதாது.

சுருக்கமாக: பிளாக்கில் கல்லின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் கீழே, காலமும் மிச்சம். மண்ணின் தோற்றம் பூச்சிலிருந்து வந்தது.

## தட்டைக் கூரை தட்டை இல்லை

இந்த வீடுகளில் கெட்டுப்போகும் பெரும்பாலான விஷயம் கூரையில்தான் தொடங்கும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தெருவிலிருந்து மொட்டை மாடி போலத் தெரிந்தாலும் உள்ளே வாட்டம் உண்டு. அடிக்குக் கால் அங்குலம் என்பது இன்று ஏற்கப்பட்ட அளவு. 24 அடி அகலக் கூரையில் ஒரு முனையைவிட மறுமுனை 6 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் கைப்பிடிச் சுவர் இருப்பதால் தண்ணீர் அதைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் வெளியே நீட்டியிருக்கும் மரத் தூம்புக்குக் ‘கனாலே’ என்று பெயர். உள்ளே உலோகத் தகடு அடித்திருப்பார்கள்.

கூரையின் மேல் அந்தக் காலத்தில் போட்டது தாரும் தார்த்தாளும் மாற்றி மாற்றிப் பல அடுக்கு, அதன்மேல் கூழாங்கல். கல் வெறும் அலங்காரம் இல்லை. 7,000 அடி உயர வெயிலின் கடுமையில் தார் காய்ந்து வெடிக்காமல் மறைப்பது அதுதான்.

எங்கே ஒழுகும்? நடுக்கூரையில் அபூர்வம். மூன்று இடங்களைப் பாருங்கள்.

கைப்பிடிச் சுவரின் தலை. அது மூன்று பக்கமும் வெயிலையும் பனியையும் வாங்குகிறது. ஸ்டக்கோவில் மயிரிழை வெடிப்பு விட்டால் தண்ணீர் இறங்கும், இரவில் உறையும், உறைந்த நீர் விரிந்து வெடிப்பை அகலமாக்கும், மறுநாள் வெயிலில் உருகி இன்னும் கீழே போகும். சாண்டா ஃபேயின் குளிர்காலம் நெடுக இந்தச் சுழற்சிதான். உள்ளே கூடத்தின் சுவரில் மேலே கறை தெரிந்தால், “கூரை ஒழுகுகிறது” என்று கூரையை மாற்றுவார்கள். கறை போகாது. குற்றவாளி கைப்பிடிச் சுவர்.

இரண்டாவது, கனாலே சுவரைத் துளைக்கும் இடம். தகடுக்கும் கூரைப் படலத்துக்கும் நடுவே உள்ள ஒட்டு விட்டுப்போனால், மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் கூரைத் தண்ணீரில் ஒரு பகுதி சுவருக்குள் போகும். வடக்குப் பார்த்த கனாலே இன்னும் சிக்கல். வெயில் படாது, பனி உருகாது, தூம்பு ஐஸால் அடைபட்டு, பின்னால் தண்ணீர் தேங்கும்.

மூன்றாவது, வெளியே நீட்டியிருக்கும் வீகா முனை. மரம் சுருங்கும், ஸ்டக்கோ சுருங்காது. நடுவே உண்டாகும் வளைய இடைவெளி வழியே ஈரம் நுழைந்து மரம் உள்ளிருந்து உளுத்துப்போகும். ஒரு சிறு திருப்புளியால் முனையின் மேல்பக்கம் குத்திப் பார்த்தாலே தெரியும். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. நல்ல மரம் வரும் இடம்வரை வெட்டி, மேலே தகட்டு மூடி போடுவது நிலையான தீர்வு. வண்ணம் அடித்து மறைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

## கணப்பு

மூலையில் கால் வட்டமாக எழும் கணப்புக்குக் ‘கீவா கணப்பு’ என்று பெயர். அதன் தீக்குழி ஆழமில்லாதது, பின்சுவர் நிமிர்ந்தது. கட்டைகளைப் படுக்க வைத்தால் புகை அறைக்குள் வரும். இரண்டு மூன்று சிறு கட்டைகளைப் பின்சுவரில் சாய்த்து நிற்க வைத்துத்தான் எரிக்க வேண்டும். தீ நேராக மேலே ஏறி, சூடு வளைந்த சுவரில் பட்டு அறைக்குத் திரும்பும். நிறைய வீடுகளில் “புகைபோக்கி கெட்டுவிட்டது” என்று சொல்லப்படுவதன் பின்னணி கட்டை வைத்த விதம்தான்.

## குடியிருப்புகள்

ஸ்டாமின் குடியிருப்புகளில் அதிகம் பேசப்படுபவை காசா அலெக்ரே, காசா சோலானா. இரண்டும் பழைய நகர மையத்துக்கு வெளியே, அன்று ஊரின் விளிம்பாக இருந்த நிலத்தில் எழுந்தவை.

1957இல் சாண்டா ஃபே வரலாற்றுப் பாணிச் சட்டம் கொண்டுவந்தது. பழைய மையப் பகுதியில் எழும் கட்டடங்கள் ஊரின் பாணியை ஒத்திருக்க வேண்டும் என்றது அது. ஸ்டாம் வீடுகள் இந்தச் சட்டத்தால் வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கட்டத் தொடங்கியது அதற்கு முன்பே. சட்டம் கட்டாயப்படுத்தாத விளிம்பு நிலத்திலும் எளியவர்களுக்கு ஊரின் முகத்தைக் கொடுத்தார் என்பதுதான் அவருடைய பெருமை.

காசா சோலானாவுக்கு இன்னொரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் அந்தத் தெருக்களைப் பற்றிப் பேசக் கூடாது. 1942 முதல் 1946 வரை அந்த நிலத்தில் அமெரிக்க நீதித்துறையின் தடுப்பு முகாம் இருந்தது. ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 4,500க்கும் மேற்பட்டோர் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமல் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். முகாம் கலைக்கப்பட்ட பிறகு நிலம் வீட்டு மனைகளானது. அருகே மேட்டில் உள்ள பூங்காவில் 2002இல் ஒரு நினைவுக் கல் வைக்கப்பட்டது. அதை வைப்பதற்கே ஊருக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது.

மலிவு விலையும் பழங்கதை. ஆசிரியரும் எழுத்தரும் வாங்கிய அதே வீடுகள் இன்று அந்தச் சம்பளத்துக்கு எட்டாத விலைக்குப் போகின்றன.

## அடையாளம் காண்பதும் திருத்துவதும்

உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டுமா? வெளிக்கதவைத் திறந்து சுவரின் தடிமனை நாடாவால் அளக்கவும். பூச்சுகள் சேர்த்து 6 அங்குலம் ஒட்டி வந்தால் மரச்சட்டம். 9 முதல் 10 அங்குலம் என்றால் பெரும்பாலும் பிளாக். 12க்கு மேல் போனால் அடோபியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டில் இரண்டு அளவு வந்தால் பிற்பாடு ஓர் அறை சேர்த்திருக்கிறார்கள். அந்த இணைப்பில்தான் வெடிப்பைத் தேட வேண்டும்.

வெப்பக் காப்பு சேர்ப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கூடத்தில் வீகாக்களுக்கு மேலே நேரடியாகப் பலகை, அதற்கு மேலே கூரை. நடுவே எதையும் திணிக்க இடமில்லை. உள்ளே பொய்க் கூரை அடித்தால் வீகா மறைந்துவிடும். அந்த வீட்டை வாங்கியதன் அர்த்தமே போய்விடும். காப்பு கூரைக்கு வெளியேதான் போக வேண்டும்: கெட்டியான நுரைப் பலகை, அதன்மேல் புதிய நீர்த்தடுப்புப் படலம். 4 அங்குலப் பலகை போட்டால் கூரை மட்டம் 4 அங்குலம் உயர்கிறது. கனாலே பழைய மட்டத்திலேயே நின்றால் பலகைக்கு அடியில் போய்விடும். கைப்பிடிச் சுவரும் 4 அங்குலம் குட்டையாகிவிடும். படலத்தைச் சுவரில் 8 அங்குலமாவது ஏற்றி ஒட்ட இடம் வேண்டுமே. அதனால் விலை கேட்கும்போதே கனாலேயை உயர்த்துவதும், தேவைப்பட்டால் கைப்பிடிச் சுவரை ஏற்றுவதும், அங்கே ஸ்டக்கோ பூசுவதும் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரையை உடைப்பதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். அந்தக் காலத்துத் தரை ஓடுகளிலும் சூட்டுக் குழாய்ச் சுற்றுகளிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978இல்தான். சன்னல் சட்டத்தைச் சுரண்டும் முன், ஓட்டைப் பெயர்க்கும் முன் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வாங்கிக்கொள்ள வேண்டும். முடிவு வரும்வரை சுத்தியலை எடுக்க வேண்டாம்.